சர்ஜன் கொடுத்த பிரசாதம்

எங்கள் ஊரில் ஒருவன் பேசாமல் இருந்தால் அவனைப் பெரிய ஆள் என்று முடிவு கட்டிவிடுவோம். மற்ற ஊர்களில் அவனை உம்மணாமூஞ்சி என்பார்கள். திருவண்ணாமலையில் காலில் விழுவார்கள். மலையைச் சுற்றி எந்த மரத்தடியிலாவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், சாயங்காலத்துக்குள் உங்கள் எதிரில் இரண்டு வாழைப்பழமும் ஒரு ஊதுவத்தியும் வந்துவிடும். என் மாமா ஒருவர், பேசாத சாமியார் ஒருவர் இளநீர் குடித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து மாடத்தில் வைத்தார். அதன் பிறகு வியாபாரம் பெருகியது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். (பெருகியது நிஜம்தான். மட்டை வந்த பிறகுதான் மாமா கடையை நேரத்துக்குத் திறக்க ஆரம்பித்தார்.)

இந்தப் புத்தி ஊறிப்போன குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால்தான் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எந்த இடம் என்று எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. எனக்கின்னா வெக்கம்? கோட்டை விட்டது நீங்கதான" என்று சொல்லிவிட்டு அவரைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குத் தையல் கடை, ஆண்களுக்கு மட்டும். பெல்பாட்டம் மோகம் ஊரை ஆட்டிவைத்தபோது என் கத்தரிக்கோலுக்கு ஓய்வே கிடையாது. அந்த மோகம் அடங்கிய பிறகும் கடை நன்றாகத்தான் ஓடியது. காரணம் நான் கேட்கும் கேள்விகள். பேண்ட் தைக்க வந்தவரை நான் சுலபத்தில் விடமாட்டேன். உட்கார்ந்து பார்க்கும் வேலையா, நின்று பார்க்கும் வேலையா, சைக்கிள் ஓட்டுவீர்களா, பின்பாக்கெட்டில் என்ன வைப்பீர்கள், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா (ஆகியிருந்தால் இடுப்பில் துணியைக் கூடுதலாக உள்ளே மடித்து வைப்பேன், விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்து விடலாம்). கேள்வி கேட்காமல் துணியில் கத்தரியை வைத்ததே இல்லை.

மனைவி வசந்தா கீழ்பென்னாத்தூர்க்காரி. நிலக்கடலை விவசாயக் குடும்பம். மூட்டையைத் தூக்க வந்த வியாபாரியிடம் தராசுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் எடை போட விடுவார்கள். அவளுக்கும் அதே சுபாவம். எங்களுக்கு ஒரே மகள், கவிதா. அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முப்பது வயது தாண்டியதும் சர்க்கரை வந்தது. எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, அதனால் ஆச்சரியம் இல்லை. ஆனால் வந்த சர்க்கரை சும்மா வரவில்லை. படுக்கையறையில் நான் ஒரு ஆண்பிள்ளை என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முதலில் அசதி என்றேன். பிறகு வேலை ஜாஸ்தி என்றேன். பிறகு சொல்வதற்குக் காரணம் தீர்ந்துபோய், சபரிமலைக்கு மாலை போட்டேன்.

மாலை போட்டால் தனிப் பாய். யாரும் கேள்வி கேட்க முடியாது. ஊரில் எல்லோரும் கார்த்திகை முதல் தேதி போடுவார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் போட்டேன். அடுத்த வருஷம் ஐப்பசியிலேயே போட்டேன். அதற்கடுத்த வருஷம் புரட்டாசியில். எங்கள் குருசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "இன்னா சாமி, வருஷா வருஷம் மாலை முன்னாடி முன்னாடி நகருது, இப்டியே போனா போன வருஷத்து மாலைய கழட்டவே தேவையில்லையே" என்றார். என் பக்தியைக் கண்டு தெருவே மெச்சியது. வசந்தா ஒன்றும் சொல்லவில்லை. (யார் பேசாமல் இருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளும் நான், அவள் பேசாமல் இருந்ததை மட்டும் கவனிக்கவே இல்லை.)

எனக்குச் சர்க்கரைக்கு மருந்து கொடுத்துவந்த டாக்டர், வேங்கிக்கால் போகும் வழியில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்தார். ஒருநாள் மருந்து எழுதிக்கொண்டே, "வீட்ல மத்ததெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இதுக்கு இப்ப ஆபரேஷன் வந்துடுச்சிங்க. என்கூட படிச்சவன் மெட்ராஸ்ல பெரிய சர்ஜன். பௌர்ணமிக்கு பௌர்ணமி மலை சுத்த வரான். வந்தா காலைல நம்ம இடத்துல நாலு பேஷண்ட் பாப்பான். நான் உங்களப் பத்தி சொல்லி வைக்கறேன். விவரமெல்லாம் அவனே சொல்லுவான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேய்ந்துபோனதை நிமிர்த்த ஒரு ஆபரேஷன் இருக்கிறது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. அதைச் செய்கிறவர் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர் என்றதும், இது டாக்டர் சமாசாரம் இல்லை, வேறு யாரோ ஏற்பாடு செய்தது என்று தோன்றிவிட்டது. அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு இப்போது போல ஊர் கொள்ளாத கூட்டம் வராது. வெளியூரிலிருந்து மாதா மாதம் வந்து சுற்றுகிறவர் என்றால் அவர் நிச்சயம் ஆழமான ஆளாகத்தான் இருப்பார்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று போனேன். புரட்டாசியில் போட்ட மாலை, கறுப்பு வேட்டி, மார்பு தொடும் தாடி, நெற்றி நிறைய விபூதி. டாக்டர் சொன்னதைப் பாதி விழுங்கிப் பாதி சொல்லியிருந்ததால் வசந்தாவும் கூட வந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே நுழைந்தேன்.

சர்ஜன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி, காலில் செருப்பு இல்லை. (அவர் மெட்ராஸிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த களைப்பில் சற்றே கண்ணயர்ந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. சாயங்காலம் மலை சுற்றப் போவதால் செருப்பைக் காரிலேயே விட்டிருந்தார்.) என் கண்ணுக்கு அது சமாதி நிலை. அந்த நிலையில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். கைகூப்பி நின்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தாடியை, மாலையை, கூப்பிய கையை. அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவர் கையால் உட்காரச் சொல்லிக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்து நாற்காலியைக் காட்டினார். எழுந்து அதன் நுனியில் உட்கார்ந்தேன்.

பிறகு அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். புருவத்தை உயர்த்தி, விரலைத் தன் உதட்டில் வைத்து, என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். 'பேச வேண்டாம்' என்கிறார் என்று நான் புரிந்துகொண்டு, பயபக்தியோடு தலையாட்டினேன். அவர் கேட்டது, 'நீங்கள் மௌன விரதமா?' என்று. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அந்த அறையில் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மரியாதை கொடுத்து அவர் பேசவில்லை. அவருக்கு மரியாதை கொடுத்து நான் பேசவில்லை. திரைக்குப் பின்னால் நடந்த பரிசோதனைகூட அப்படியே நடந்தது. இருமச் சொல்லிச் சைகை காட்டினார், இருமினேன். அந்தச் சந்திப்பில் நான் வாயைத் திறந்தது அந்த இருமலுக்கு மட்டும்தான்.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் அவர் தோல்பையைத் திறந்து ஒரு பொருளை எடுத்தார். சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், பால் நிறம். மெழுகுவத்தி என்று நினைத்தேன், ஆனால் திரி இல்லை. அதை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தார். வளைந்தது, வளைந்தபடியே நின்றது. நிமிர்த்தினார். நிமிர்ந்து நின்றது. மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்தி, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

என் கண் கலங்கிவிட்டது. வளைய வேண்டிய இடத்தில் வளை, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்து நில். எவ்வளவு பெரிய உபதேசத்தை இந்த மனிதர் ஒரு வார்த்தை செலவில்லாமல் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக நிமிரவே முடியாமல் கூனிக் குறுகிக் கிடந்த என் மனசு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மலைத்துப்போனேன்.

அவர் அதை என்னிடம் நீட்டினார். நான் எழுந்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகினேன்.

அவர் கை நீட்டியபடியே இருந்தது. (பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் கொடுத்திருக்கிறார்.) ஆசீர்வாதம் செய்ய நீட்டுகிறார் என்று நினைத்து நான் குனிந்து தலையை அந்தக் கையின் கீழே கொண்டுபோய் வைத்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? மாலை போட்ட சாமி தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் தயங்கிவிட்டு என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வெளியே வந்தேன். "சக்கரைய கம்மி பண்ணிட்டு தை மாசம் வந்து சேந்துக்கங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று நர்ஸ் சொன்னாள். வசந்தா ஓடி வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"எல்லாம் சொல்லிட்டாரு."

"பேச்சுச் சத்தமே கேக்கலியே. நான் கதவாண்டதான் உக்காந்துக்கினு இருந்தேன்."

"உனக்குக் கேக்காது" என்றேன். அதைச் சொன்ன என் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாக அவள் இன்றுவரை நடித்துக் காட்டுவாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொருளைப் பன்னீர் தெளித்துத் துடைத்து, பூஜை அலமாரியில் ஐயப்பன் படத்துக்கு முன்னால் சின்னப் பித்தளைத் தட்டில் வைத்தேன். விபூதி இட்டேன், குங்குமம் வைத்தேன். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கடைக்குக் கிளம்புவேன். ஒருதரம் மாமியார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டையோடு வந்திருந்தார். பூஜை அலமாரியைப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள இது, புதுசா இருக்குது?" என்றார்.

"ஒரு பெரியவரு குடுத்தாருங்க அத்தை. பேசாதவரு."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டு கிள்ளி அதன் மேல் வைத்தார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது.

வசந்தா மட்டும் அதற்குக் கும்பிடு போடவில்லை. அவளுக்குச் சந்தேகம் அந்தப் பொருள் மேல் இல்லை, டாக்டர் மேல். மாலை கழுத்தில் இருக்கும்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் தடுத்துவிடுவேன். அவள் சமையலறையிலிருந்தே கேட்பாள்.

"ஆபரேஷன்ல இன்னா பண்ணுவாங்களாம்?"

"செய்வாங்க."

"அதான் எத?"

"பெரியவங்க கிட்ட அப்டியெல்லாம் நோண்டி நோண்டி கேக்கக் கூடாது வசந்தா."

"ஒரு பேண்ட் தெக்கறதுக்கே அந்தாளு சைக்கிள் ஓட்டுவானா மாட்டானான்னு கேக்கறீங்க. உங்கள வெட்டப்போறவரு எங்க வெட்டுவாருன்னு கூடவா கேக்கக் கூடாது? பேசாத டாக்டரு இன்னா டாக்டரு? நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் யார்கிட்ட போயி கேக்கறது?"

மௌனம் எனக்கும் பழகிவிட்டது. ஆனால் படுத்தால் அவள் கேள்வி தூங்க விடாது. எழுந்து உட்கார்ந்து பூஜை அலமாரிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி படுப்பேன்.

தை மாதம் சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினேன், தாடியை எடுத்தேன். ஆபரேஷனுக்கு முதல்நாள் நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். அந்தப் பொருளை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போனேன், ஆபரேஷன் சமயத்தில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்று. அன்றும் பௌர்ணமி. சர்ஜன் வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வசந்தா கூடவே எழுந்தாள்.

"நீ வெளிய இரு."

"இருக்க மாட்டேன்."

"வந்தா வாயத் தெறக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். (அவள் தலையாட்டினால் நம்பக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.)

உள்ளே அதே விபூதி, அதே வெறுங்கால். நான் கைகூப்பினேன். அவர் என் மழித்த முகத்தைப் பார்த்து லேசாகக் குழம்பினார், பிறகு அவரும் கைகூப்பினார். சைகையால் உட்காரச் சொன்னார். நான் சைகையால் நன்றி சொன்னேன். அவர் சைகையால் என்னவோ கேட்க ஆரம்பித்தார். வசந்தா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"டாக்டர், நீங்க பேசுவீங்களா?"

மகான் சபிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேசுவேனே" என்றது ஒரு கணீர்க் குரல். "நல்லாவே பேசுவேன். உங்க வீட்டுக்காரர் விரதம் முடிஞ்சிடுச்சா?"

"எந்த விரதம்?"

"மௌன விரதம்தான். போன தடவ கேட்டேன், ஆமான்னாரே. இந்த ஊர்ல விரதத்துல இருக்கறவங்கள நாம கலைச்சிடக் கூடாதுன்னு நானும் வாயத் தெறக்காம அவ்வளவு கஷ்டப்பட்டு விளக்கினேன்."

"இவரா மௌன விரதம்? கடைக்கு வந்தவங்கள பேசியே சாவடிக்கிற மனுஷனுங்க இவரு."

சர்ஜன் நாற்காலியில் சாய்ந்தார். "அய்யோ. அப்ப நான் சொன்னது எதுவுமே அவருக்குப் புரியலியா?" என்றார். "எல்லாத்தையும் சைகையில சொல்ல முடியாதேன்னுதான் சாம்பிளையே எடுத்துக் காட்டினேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அன்னைக்கு இவரு வாங்கி மடியில செருகிக்கிட்டாரு, விரதத்துல இருக்கறவர்கிட்ட திருப்பிக் கேக்க மனசு வரல. மூணு மாசமா மெட்ராஸ்ல வர்ற பேஷண்டுக்கெல்லாம் பென்சில வச்சி விளக்கிக்கிட்டு இருக்கேன். பென்சில பாத்ததும் பாதிப் பேர் எழுந்து போயிடறாங்க."

"இன்னா சாம்பிளு?" என்றாள் வசந்தா.

"வெள்ளையா இருக்கும். சிலிக்கோன் ரப்பர், உள்ள வெள்ளிக் கம்பி. வளைச்சா வளையும். அந்த மாதிரி ரெண்ட உள்ள வச்சித் தைக்கறதுதாம்மா ஆபரேஷனே."

வசந்தா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. என் கையிலிருந்த மஞ்சள் முடிச்சை வாங்கினாள், மேஜை மேல் வைத்தாள், பிரித்தாள். மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு, காய்ந்துபோன ஒரு துணுக்குக் கனகாம்பரம்.

"இதுவா பாருங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்தச் சர்ஜன் உண்மையாகவே பேச்சிழந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பூமியில் வேண்டியது எல்லாம் நடக்கும் என்பார்கள், அன்று மட்டும் நடக்கவில்லை.

"பூஜையில வச்சிருந்தீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெனம் காலையில" என்று வசந்தா சொன்னாள். "எங்க அம்மா கூட பூ வச்சிது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா இத நான் வெறும் சாமானாத்தான் பாத்தேன்" என்றார். பிறகுதான் சிரித்தார். வசந்தா சிரித்தாள். வெளியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவமானத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்க ஆரம்பித்தாள். மூட்டைக்கு மூட்டை கையை விட்டுப் பார்ப்பது போலக் கேட்டாள். எங்கே வெட்டுவீர்கள்? எங்கே தைப்பீர்கள்? இது எப்போதும் விறைப்பாகவேவா இருக்கும்? (இருக்கும், கீழே மடித்து வைத்துக்கொள்ளலாம்.) சிறுநீர் போக இடைஞ்சல் உண்டா? (இல்லை.) சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறுமா?

"அதுதாம்மா பெரிய கேள்வி. புண்ணுல சீழ் புடிச்சா வச்சத வெளிய எடுத்துட வேண்டியிருக்கும்."

"எடுத்தா பழைய மாதிரி ஆயிடுவாரா?"

சர்ஜன் சிரிப்பை நிறுத்தினார். "இல்லம்மா. இத வைக்கறதுக்கு எடம் பண்ணும்போது உள்ள இருக்கற தசை போயிடும். எப்பவாவது கொஞ்ச நஞ்சம் தானா வருதுன்னா, அதுவும் அதோட போச்சு. திரும்ப வராது. வச்சா வச்சதுதான்."

ஐப்பசியில் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு சரி என்று தலையாட்டியது இதற்குத்தான். திரும்பி வர முடியாத ஒரு வழிக்கு, அது வழி என்றே தெரியாமல், நாளைக் காலையில் படுத்துக்கொள்ள இருந்தேன். ஒரு பேண்டைக் கூட ட்ரையல் போட்டுப் பார்க்காமல் கொடுக்காதவன்.

"நாளைக்கி வேணாம் டாக்டர்" என்றாள் வசந்தா. "நாங்க பேசிட்டு சொல்றோம்."

"பேசணும்மா. நல்லா பேசுங்க. இது அவசரமே இல்லாத ஆபரேஷன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பு எம்மேலதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இந்த ஊர் பேரைக் கேட்டாலே எனக்கு புத்தி வேலை செய்ய மாட்டேங்குது" என்றார். எனக்கு இருந்த அதே வியாதிதான் அவருக்கும்.

நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். வழியில் ஒரு டீக்கடை. அவளுக்கு டீ, எனக்குச் சர்க்கரை இல்லாத டீ. எதிரில் மலை, உச்சியில் கொஞ்சம் மேகம். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "மாலை போடறது சாமிக்கா, எனக்கு பயந்துக்கினா?"

நான் பேசவில்லை.

"இப்பவும் மௌனமா?"

"உனக்கு பயந்துதான்" என்றேன்.

"எனக்கு தெரியும். மொத வருஷமே தெரியும். எங்க நான் கேட்டா இன்னும் சுருங்கிடுவீங்களோன்னுதான் கேக்கல." டீயை ஒரு வாய் குடித்தாள். "இத பாருங்க. ஆபரேஷன் எனக்காகன்னா வேணாம். நீங்க நல்லா இருந்தா போதும். உங்களுக்காகன்னா சொல்லுங்க, சக்கரைய எறக்கறது எம் பொறுப்பு. ஆனா தனியா பாய் போட்டுக்கினு மூஞ்ச திருப்பிக்கற வேலை இனிமே வேணாம். அதுதான் எனக்கு தாங்கல. மத்தது இல்ல."

டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பேசாதவர்களைப் பார்த்தே பிரமித்தவன் நான். ஒருத்தி வாயைத் திறந்து பேசியதைக் கேட்டு முதன்முதலாக அன்றைக்குத்தான் பிரமித்தேன். அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

"எனக்காகவும்தான்" என்றேன். "ரெண்டு பேருக்காகவும்."

"அப்ப சரி" என்றாள்.

சொன்னபடி சர்க்கரையை இறக்கினாள். அரிசியை மறைத்து வைத்தாள், விடியலில் எழுப்பி அடி அண்ணாமலை வரை நடக்கவிட்டாள். கோடை கழிந்து ஆபரேஷன் நடந்தது. சர்ஜன் முன்கூட்டியே எங்கள் இருவரையும் உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசினார். போதும் போதும் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. புண் ஆறியது. மற்றபடி, நன்றாக இருக்கிறோம் என்பதற்கு மேல் இதில் எழுத எனக்கு அனுமதி இல்லை.

வளைத்து வைத்தாலும் பழைய பேண்டுகள் எனக்குச் சரிப்படவில்லை. முன்பக்கம் இரண்டு மடிப்பு கூடுதலாக வைத்து, தொடையில் தாராளமாகத் துணி விட்டு எனக்கென்று புதிதாக வெட்டிக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடையில் நின்றதும் காலேஜ் பையன்கள் வந்து, "அண்ணே இது மெட்ராஸ் மாடலா, எங்களுக்கும் அதே மாதிரி தெச்சி குடுங்க" என்றார்கள். சந்துக்குள் ஒரு வருஷம் பூராவும் அந்த மாடல்தான் ஓடியது. அவர்களிடம் நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மகளுக்குச் சொல்லி வைத்திருந்ததெல்லாம், டாக்டர் காட்டிய சாம்பிளை அப்பா பிரசாதம் என்று நினைத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார் என்பது வரைதான். எலும்புக்குள் வைக்கும் கம்பி என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கதைதான் தெரியும். வீட்டில் யாராவது கடைக்குப் போய் விலை கேட்காமல், தேதி பார்க்காமல் எதையாவது வாங்கி வந்தால், "இன்னா, பிரசாதம் வாங்கியாந்துட்டியா?" என்பார்கள். இதைப் படித்தால் மீதியும் தெரிந்துவிடும், தெரியட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் விளங்காமல் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜையன்று கடையில் எல்லோரும் கூடுவோம். வசந்தா குங்குமக் கிண்ணத்தோடு வருவாள். மிஷினுக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, டேப்புக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, பேரனின் சைக்கிளுக்கு. எல்லாம் முடிந்து என் எதிரில் வந்து நிற்பாள். விரல் நுனியில் குங்குமம் இருக்கும். பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுனா விட்டுப்போச்சாங்க?" என்பாள்.

நான் வாயைத் திறக்க மாட்டேன். அன்று ஒருநாள் மட்டும் எனக்கு மௌன விரதம்.